உடலின் மணியும் ஊரின் மணியும்: பாங்காக்கில் ஒரு முதல் நாள்

தொலைதூர விமானம் மனித உடலை ஒரே இரவில் ஒரு கண்டத்திலிருந்து மறு கண்டத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. ஆனால் அந்த உடலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நாளை அதனால் கூடவே கொண்டுவந்து சேர்க்க முடிவதில்லை. புதிய ஊரில் கோழி கூவும் நேரத்தில் உடல் படுக்கையைத் தேடுகிறது. ஊர் அடங்கிய பிறகு விழித்துக்கொண்டு பசியெடுக்கிறது. இந்த முரண்பாட்டைத்தான் ‘ஜெட் லேக்’ என்று இன்று தமிழிலும் வழங்குகிறார்கள். இது வெறும் பயணக் களைப்பு அன்று. இலண்டனிலிருந்து தெற்கே கேப் டவுனுக்குப் பறப்பவரும் கிழக்கே பாங்காக்குக்குப் பறப்பவரும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் இருக்கையில் முடங்கிக் கிடக்கிறார்கள், ஒரே வறண்ட காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஆயினும் முன்னவர் ஒரு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால் தேறிவிடுகிறார், பின்னவருக்கோ ஒரு வாரம் வரை தேவைப்படுகிறது. குளிர்காலத்தில் கேப் டவுனுக்கும் இலண்டனுக்கும் கடிகார வேறுபாடு இரண்டு மணி நேரம். பாங்காக்குக்கு ஏழு மணி நேரம். தூரம் உடலைக் களைப்படையச் செய்கிறது, நேர வேறுபாடோ அதன் ஒழுங்கையே கலைக்கிறது.

இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்ளும் பொருள், அவ்வாறு ஒழுங்கு கலைந்த நிலையில் ஒரு கணவனும் மனைவியும் ஆசியப் பெருநகரம் ஒன்றில் கழிக்கும் முதல் நாள். இலண்டனில் நண்பகலை ஒட்டிப் புறப்பட்டு, பதினொன்றரை மணி நேரம் பறந்து, ஜனவரி மாதத்துக் காலை ஒன்றில் ஆறு மணியளவில் பாங்காக்கில் இறங்கும் தம்பதியரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர்கள் எந்தத் தனி மனிதரும் அல்லர். ஆண்டுதோறும் இவ்வழியே வரும் எண்ணற்றோரின் பொது உருவம். விமானக் கதவு திறக்கும்போது அவர்களுடைய கைக்கடிகாரம் காலை ஆறு என்று காட்டுகிறது. உடலின் கடிகாரமோ இரவு பதினொன்று என்கிறது. அதாவது, அவர்கள் உறங்கப்போக வேண்டிய நேரத்தில் ஒரு கோடிப் பேருக்குக் குறையாமல் புழங்கும் பெருநகரம் ஒன்று அவர்கள்முன் கண்விழிக்கிறது.

உடலுக்குள் கடிகாரம் இருக்கிறது என்பது உவமை அன்று, உடற்கூற்று உண்மை. 1729இல் பிரெஞ்சு அறிஞர் ழான் ஜாக் தெ மேரான், பகலில் இலை விரித்து இரவில் கூப்பும் தொட்டாற்சுருங்கி இனச் செடி ஒன்றை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். சூரியனைக் காணாமலேயே அது தன் வேளைக்கு இலையை விரித்தது, வேளைக்குக் கூப்பியது. செடிக்குள்ளேயே நாள் ஒன்று ஓடுகிறது என்பதற்கான முதல் சான்று அது. 1960களில் ஜெர்மானிய அறிஞர் யூர்கன் ஆஷாஃப், மியூனிக் நகருக்கு அருகே நிலவறை ஒன்றில் தன்னார்வலர்களைக் கடிகாரமும் சன்னலும் இன்றிப் பல நாட்கள் வாழச் செய்தபோது, மனிதரும் அச்செடியைப் போன்றவர்களே என்று தெரிந்தது: உலகத்தோடு தொடர்பற்ற நிலையிலும் அவர்கள் ஏறத்தாழ ஒரு நாள் அளவுள்ள சுழற்சியில் உறங்கி எழுந்தார்கள். ‘ஏறத்தாழ ஒரு நாள்’ என்னும் பொருள்தரும் இலத்தீன் சொற்களிலிருந்தே ‘சர்க்கேடியன்’ என்னும் அறிவியல் பெயர் பிறந்தது. தமிழில் அதை உயிர்க்கடிகாரச் சுழற்சி எனலாம். மனிதரில் அதன் சராசரி அளவு 24 மணி நேரத்தைவிடச் சிறிது கூடுதல், பத்துப் பன்னிரண்டு நிமிடம் அளவுக்கு, எனப் பிற்கால ஆய்வுகள் கண்டன. இந்தச் சிறு கூடுதலுக்குப் பெரிய விளைவு உண்டு. நாளை நீட்டுவது உடலுக்கு எளிது, சுருக்குவது கடினம். எனவே மேற்கே பறந்து நாள் நீள்வதைவிட, கிழக்கே பறந்து நாள் குறுகுவது பெரும்பாலோரை அதிகம் வருத்துகிறது.

இக்கடிகாரத்தின் தலைமை இருக்கை மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏறத்தாழ இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட மிகச் சிறிய திரள் அது. அணுக்களுக்குள் இக்கடிகாரம் ஓடும் முறையைப் பழ ஈக்களின் மரபணுக்கள் வழியே விளக்கியதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. தலைமைக் கடிகாரம் ஒளியைக் கொண்டே வெளியுலகின் நேரத்தை அறிகிறது. விழித்திரையில் காட்சிக்கான அணுக்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் உணர்ந்து மூளைக்குச் சொல்லும் தனி அணுக்கள் உண்டு. வானத்தின் நீலம் அவற்றை மிகுதியாகத் தூண்டுகிறது. ஈரல், குடல், தசை ஆகியவற்றுக்கும் தத்தம் கடிகாரங்கள் உள்ளன. அவை பெரும்பாலும் உணவு வேளையைப் பார்த்து நேரம் கற்கின்றன. புதிய ஊரில் தலைமைக் கடிகாரம் ஒரு வேகத்திலும் வயிறு வேறொரு வேகத்திலும் மாறுவதால், உடலுக்குள்ளேயே பல ஊர்களின் நேரம் சில நாட்கள் ஒன்றாக ஓடுகிறது. ஜெட் லேக் என்பதன் உட்பொருள் இதுவே.

நீராவிக் கப்பலில் வாரக்கணக்கில் கடல்கடந்து வந்தோருக்கு இத்துன்பம் இருந்ததில்லை. கப்பல் கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல, கப்பலின் கடிகாரத்தை நாளுக்குச் சில நிமிடங்களாக முன்னே தள்ளிவைத்துக்கொண்டே வந்தார்கள். உடலும் அதே மெதுவான நடையில் கூடவே வந்தது.

இனி, பாங்காக்கில் இறங்கிய தம்பதியருக்குப் பலரும் சொல்லியனுப்பும் அறிவுரை ஒன்றை ஆராய வேண்டும்: ‘இறங்கியதும் காலை வெயிலில் நில், எல்லாம் சரியாகிவிடும்’ என்பது அது. இவர்களுடைய நிலையில் அந்த அறிவுரை பிழையானது. ஒளி உயிர்க்கடிகாரத்தை எந்தத் திசையில் நகர்த்தும் என்பது, உடலின் வெப்பம் மிகத் தாழ்ந்திருக்கும் கணத்தைப் பொறுத்தது. வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பாக உடல்வெப்பம் அந்தத் தாழ்நிலையை அடைகிறது. அதற்கு முன்பு கண்ணில் படும் வலிய ஒளி கடிகாரத்தைப் பின்னே தள்ளும். அதற்குப் பின்பு படும் ஒளி முன்னே இழுக்கும். இலண்டனில் காலை ஏழு மணிக்கு எழும் பழக்கமுள்ளவருக்கு அத்தாழ்நிலை விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு வரும். அது பாங்காக்கில் முற்பகல் பதினொன்று, பன்னிரண்டு மணி. ஆகவே பாங்காக்கின் காலை வெயில் அவர்களுடைய உடலுக்கு முன்னிரவில் ஏற்றிய பெருவிளக்கு. அது கடிகாரத்தை வேண்டிய திசைக்கு எதிராக, மேற்கு நோக்கித் தள்ளிவிடும். பிற்பகல் வெயிலே அவர்களுக்கு மருந்து. முதல் நாள் முற்பகலில் நிழலும் கறுப்புக் கண்ணாடியும், பிற்பகலில் திறந்த வானமும் என்பதே உடல் வகுத்துத் தரும் அட்டவணை. இதை அறிந்த தம்பதியர் நகரத்தைப் பார்க்கும் வரிசையே மாறிவிடுகிறது.

உடலின் நேரத்தை இவ்வளவு பேசியபின் ஊரின் நேரத்தைப் பேசாமல் விட முடியாது. ஏனெனில் பாங்காக் தனக்கென ஒரு நேரமரபு உடைய நகரம். 24 மணி நேரக் கடிகாரம் அலுவலகங்களிலும் நிலையங்களிலும் இருந்தாலும், தாய்லாந்து மக்கள் பேச்சில் நாளை ஆறு ஆறு மணி நேரமாக நான்கு பங்காக்கி எண்ணுகிறார்கள். நள்ளிரவுக்குப் பிந்திய மணிகளுக்குத் ‘தீ’ என்று பெயர். அதற்கு அடித்தல் என்பது பொருள். பகல் மணிகள் ‘மோங்’. இரவு ஏழு மணி முதல் எண்ணப்படுபவை ‘தும்’. பகலில் சேகண்டியும் இரவில் முரசும் அடித்து நேரம் அறிவித்த காலத்தின் ஒலிகளே இச்சொற்களாக நிலைத்துவிட்டன. இரவு ஏழு மணி ‘ஒரு தும்’, எட்டு மணி ‘இரண்டு தும்’ என்று அது வளரும். இரவுக் காவலாளியை அங்கே ‘யாம்’ என்று அழைக்கிறார்கள். இரவின் பகுதியைக் குறிக்கும் வடசொல்லின் வழியே வந்த அச்சொல், தமிழர் யாமம் என்றும் சாமம் என்றும் சொல்வதன் உறவுச்சொல். தாய்லாந்தின் பொது நேரம் 105 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. பாங்காக் அதற்கு மேற்கே நூறரைப் பாகையில் இருப்பதால், அங்கே சூரியன் உச்சியடைவது சராசரியாகப் பன்னிரண்டே கால் மணிக்கு மேல்தான். ஆண்டுக் கணக்கும் வேறு: புத்தர் பரிநிர்வாணத்தை ஒட்டிய அவ்வெண்ணிக்கை கிறித்துவ ஆண்டைவிட 543 கூடுதல். அகலக்கோட்டில் மட்டும் இந்நகரம் தமிழ்நாட்டுக்கு அணுக்கமானது. சென்னைக்கும் அதற்கும் ஒரு பாகைகூட வேறுபாடு இல்லை. எனவே அங்குள்ள வெயிலின் சாய்வும், அந்தி விரைந்து இருள்வதும் சென்னைவாசிக்குப் புதியவை அல்ல. நான்கு மணிக்கே இருட்டும் ஜனவரியைப் பழகிய இலண்டன்வாசிக்கோ அவையே பெரும் புதுமை.

தம்பதியர் வந்திறங்கும், 2006இல் திறக்கப்பட்ட விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. பொன்னாடு என்று பழைய இந்திய நூல்கள் தென்கிழக்காசியாவைக் குறித்த சொல்லை மன்னர் பூமிபோல் அதற்குச் சூட்டினார். புறப்பாட்டுப் பகுதியில் தேவரும் அசுரரும் வாசுகியைப் பிடித்துப் பாற்கடலைக் கடையும் பெருஞ்சிற்பம் உள்ளது. வருவோர் கண்ணில் அது படுவதில்லை, ஊர்திரும்புவோரே காண்கிறார்கள். நிலையத்திலிருந்து நகருக்கு ஓடும் ரயிலில் அரைமணி நேரத்துக்குள் பயா தாய் நிலையத்தை அடையலாம். குடியேற்றச் சோதனை, பெட்டிகளுக்கான காத்திருப்பு ஆகியவை முடிந்து தம்பதியர் அங்கே சேரும்போது எட்டு மணி ஆகியிருக்கக் கூடும். எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் எழுகிறது. விரைந்து நடந்துகொண்டிருந்த கூட்டம் முழுதும் அப்படியே நிற்கிறது. பண் முடிந்ததும் மீண்டும் நடக்கிறது. நாள்தோறும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் பொது இடங்களில் நிகழும் இவ்வழக்கம் அயலாருக்கு வியப்பளிக்கும். உயிர்க்கடிகாரத்துக்கு வெளியுலகின் நேரத்தை அறிவிக்கும் குறிகளை ஆஷாஃப் ‘நேரம் தருபவை’ என்னும் பொருளுள்ள ஜெர்மன் சொல்லால் குறித்தார். அச்சொல்லைச் சற்று விரித்துப் பார்த்தால், ஒரு நகரம் தன் மக்களுக்கு நேரம் தருவதற்கு இதைவிடத் தெளிவான காட்சியைக் காண்பது அரிது.

அடுத்து வரும் இடர்ப்பாடு விடுதி. பெரும்பாலான விடுதிகளில் அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். உடலின் நள்ளிரவு முழுவதும், அதாவது காலை ஏழு முதல் நண்பகல் வரை, தம்பதியருக்குப் படுக்கை இல்லை. பலர் இதைக் கொடுமை என்று கருதுகிறார்கள். உண்மையில் அது நன்மையாகவே முடிகிறது. அந்த நேரத்தில் படுக்கை கிடைத்திருந்தால் மாலை வரை உறங்கி, இரவெல்லாம் விழித்திருந்து, இரண்டாம் நாளையும் இழந்திருப்பார்கள்.

பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு அவர்கள் செல்லத் தக்க இடம் சாவோ பிரயா ஆறு. பாங்காக்கின் வரலாறே தண்ணீரில் எழுதப்பட்டது. 1767இல் பர்மியப் படையெடுப்பில் பழைய தலைநகரான அயுத்தயா அழிந்தபின் ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள தோன்புரியில் மன்னர் தக்சின் தலைநகர் அமைத்தார். 1782இல் மன்னர் முதலாம் ராமர் அதைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். மக்கள் அந்நகரைக் குருங் தேப், தேவர்களின் நகரம், என்று அழைக்கிறார்கள். அதன் முழுச் சடங்குப் பெயர் உலகிலேயே மிக நீண்ட ஊர்ப்பெயர் எனக் கருதப்படுவது, இந்திரன் ஆணையால் விசுவகர்மன் கட்டிய நகர் என்ற புகழ்ச்சியும் அதனுள் அடங்கும். ஆற்றிலிருந்து பிரிந்த ‘குளோங்’ எனப்படும் கால்வாய்களே நெடுங்காலம் அதன் தெருக்கள். குதிரையில் உலாவச் சாலை இல்லாமல் உடல்நலம் கெடுகிறது என்று ஐரோப்பியத் தூதர்கள் முறையிட்ட பிறகே, 1860களின் தொடக்கத்தில் நான்காம் ராமர் காலத்தில் சரோன் குருங் என்னும் முதல் புதுமுறைச் சாலை போடப்பட்டது. இன்று அச்சாலையில் வண்டிகள் நத்தையாய் நகர, ஆற்றில் கூரையிட்ட விரைவுப் படகு தடையின்றிச் செல்கிறது. உறக்கம் கண்ணைச் சுழற்றும் இருவருக்குப் படகின் நிழலும் நீர்க்காற்றும் சாலையின் புகையைவிடப் பன்மடங்கு மேல். மேலும் அரைத் தூக்கத்தில் சாலையைக் கடப்பது ஆபத்தானது. தாய்லாந்திலும் வண்டிகள் பிரிட்டனைப் போலவே இடப்புறம் செல்வதால் இலண்டனிலிருந்து வருவோருக்கு அந்த ஒரு குழப்பம் மட்டும் இல்லை. இருசக்கர வண்டியை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டுவதை அன்றைக்கு அறவே தவிர்க்க வேண்டும். உறக்கம் கெட்டவரின் எதிர்வினை குடித்தவரின் எதிர்வினைக்கு நிகராகத் தாழ்ந்துவிடுகிறது.

ஆற்றங்கரையில் பாக் குளோங் தலாத் என்னும் பூச்சந்தை, கூரையின் கீழ் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. அதன் உச்ச வணிகம் விடியலுக்கு முன்பே முடிந்துவிட்டாலும், காலை ஒன்பது மணிக்கும் சாமந்தி மூட்டைகளும் மல்லிகைக் குவியல்களும் ஈரச்சாக்கின் மணமும் எஞ்சியிருக்கின்றன. பெண்கள் ஊசியில் மல்லிகை மொட்டுகளைக் கோத்து, கீழே ரோசாவும் பிற மலர்களும் தொங்கும் சிறு வளையங்களாகக் கட்டுகிறார்கள். அவற்றின் பெயர் ‘புவாங் மாலை’. மாலை என்னும் சொல்லைத் தமிழ்க் காதுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அம்மாலைகள் புத்தர் திருமேனிக்கும், வண்டியின் முகப்பில் குடியிருப்பதாக நம்பப்படும் காவல் தெய்வத்துக்கும், வீட்டு முற்றத்து ஆவிக் கோயிலுக்கும் போகின்றன. களைத்த மூளை நீண்ட விளக்கங்களை ஏற்பதில்லை, மணத்தையும் நிறத்தையும் ஏற்கிறது. எனவே முதல் முற்பகலுக்கு அருங்காட்சியகத்தைவிடச் சந்தையே ஏற்றது.

இதே காரணத்தால், மன்னர்களின் பெரிய அரண்மனையை முதல் நாளில் பார்க்கும் வழக்கம் கண்டிக்கத் தக்கது. காலையில் இறங்கியோரை நண்பகலுக்குள் அரண்மனை வளாகத்துக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலாத் திட்டங்கள், பார்ப்பவருக்கும் பார்க்கப்படுவதற்கும் அநீதி இழைக்கின்றன. அங்கே 66 செண்டிமீட்டர் உயரமே உள்ள பச்சைக்கல் புத்தரை உயர்ந்த பீடத்தில் தேடிக் காண வேண்டும். கோடை, மழை, குளிர் என மூன்று பருவத்துக்கும் மன்னரே அத்திருமேனிக்கு ஆடை மாற்றும் மரபை உணர வேண்டும். சுற்று மண்டபத்தில் 178 பகுதிகளாகத் தீட்டப்பட்டுள்ள ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், கதை அறிந்து ஒவ்வொன்றாக நடந்து பார்க்க வேண்டியது. இவற்றைத் தூங்கி வழியும் கண்ணால் கடந்துவிட்டு, பார்த்தாயிற்று என்று குறித்துக்கொள்வது காணாமல் இருப்பதைவிடக் கேடு. ஏனெனில் காணாதவர் மறுபடி வருவார், கண்டதாக எண்ணியவர் வரமாட்டார். முதல் நாளுக்கு அருகிலுள்ள வாட் போ கோயில் போதும். அங்கே 46 மீட்டர் நீளத்தில் புத்தர் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறார். உள்ளங்கால்களில் 108 மங்கலக் குறிகள் முத்துச்சிப்பியால் இழைக்கப்பட்டுள்ளன. சுவரோரம் வரிசையாக உள்ள 108 வெண்கலக் கலங்களில் அடியார்கள் போட்டுக்கொண்டே நடக்கும் காசுகளின் ஒலி மங்கிய மண்டபத்தில் இடைவிடாமல் கேட்கிறது. மிக எளிதாகப் புலனுக்கு எட்டும் காட்சி அது. அவ்வளாகத்தில் மரபுவழி உடல்பிடித்தல் கற்பிக்கும் பள்ளியும் உண்டு. கால் நோவுக்கு அது இதமானதே, ஆனால் உடலின் நள்ளிரவில் மெத்தையில் படுத்தவர் அங்கேயே உறங்கிவிடுவது உறுதியாகையால் அதை மாலைக்கு ஒத்திவைப்பது நலம்.

பதினொன்றரை மணி அளவில் அந்நாளின் மிகக் கடினமான கட்டம் வருகிறது. வெளியே வெப்பம் முப்பது பாகையைத் தாண்டியிருக்க, உடலோ தன் வெப்பத்தின் தாழ்நிலையில் இருப்பதால் உள்ளுக்குள் ஒரு குளிர் பரவுகிறது. குளிரூட்டிய கடையொன்றில் நுழைந்தால் நடுக்கமே எடுக்கலாம். இதைக் காய்ச்சல் என்று பலர் அஞ்சுவதுண்டு. பேச்சு தடுமாறுகிறது, கையிலுள்ள பணத்தை எண்ண முடிவதில்லை, சிறு தாமதமும் பெருங்கோபத்தை மூட்டுகிறது. கணவனும் மனைவியும் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சண்டையிட்டுக்கொள்கிறார்கள். உறக்கம் குறைந்த நாளில் இணையரிடையே பிணக்கு மிகும் என்றும், இருவரில் ஒருவருக்கு மட்டும் உறக்கம் கெட்டிருந்தாலும் அது இருவரையும் தாக்கும் என்றும் உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதோடு, இருவரின் உயிர்க்கடிகாரமும் ஒன்றாக இருப்பதில்லை. இயல்பிலேயே விடியலில் எழுபவர் கிழக்குப் பயணத்தைச் சற்று எளிதாகத் தாங்குகிறார். இரவில் நெடுநேரம் விழித்திருப்பவர் மிகவும் துன்புறுகிறார். எனவே ஒருவர் இன்னும் ஒரு தெருவைப் பார்க்க விரும்ப, மற்றவர் அங்கேயே உட்கார்ந்துவிட விரும்புவது விருப்பத்தின் வேறுபாடு அன்று, உடலமைப்பின் வேறுபாடு. இதை அறியாமல் ஒருவரையொருவர் சோம்பேறி என்றும் பிடிவாதக்காரர் என்றும் குற்றம் சொல்லிக்கொள்ளும் நல்ல மனிதர்களை நினைத்தால் இரக்கமே உண்டாகிறது. களைத்தவரின் நடைக்கு மற்றவர் இசைவதே அன்றைய முறை; மெதுவாக நடப்பவரால் ஊர் கெடுவதில்லை.

அந்நேரத்தில் கைகொடுப்பது உணவு. ஊரின் உணவு வேளையில் உண்பது ஈரலின் கடிகாரத்துக்கு ஊரின் நேரத்தைக் கற்பிக்கும். ஆயினும் குடல் அப்போது உறக்கநிலையில் இருப்பதால் எண்ணெயும் காரமும் மிகுந்த உணவு தாங்காது. பாங்காக்கின் தெருக்களில் இதற்கென்றே அமைந்ததுபோல் ‘ஜோக்’ கிடைக்கிறது: குறுணை அரிசியைக் குழையக் காய்ச்சி, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, விரும்புவோருக்கு முட்டையோ இறைச்சியோ சேர்த்துத் தரும் சீன வழிக் கஞ்சி. பெரும்பாலும் காலைக்குரியது என்றாலும் சில கடைகளில் பகல் முழுதும் உண்டு. சோளமும் பிற தானியங்களும் சேர்த்து வறுத்த காப்பித்தூளைத் துணிப்பையில் வடித்து, பனிக்கட்டியின் மேல் ஊற்றித் தரும் கறுங்காப்பிக்கு ‘ஓலியாங்’ என்று பெயர். விழிப்பு மிக வேண்டிய அந்த ஒரு மணிக்கு அது உதவும். ஆனால் காப்பியின் வீரியம் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், இரண்டு மணிக்குப் பிறகு அதை நாடுவது இரவு உறக்கத்தைக் கடன்வாங்கிச் செலவழிப்பதாகும்.

இரண்டு மணிக்கு அறை கிடைத்ததும் அரைமணி நேரத் துயில் கொள்ளலாம்; அதற்கு மேல் நீண்டால் ஆழ்ந்த உறக்கம் பிடித்துக்கொள்ளும், எழுப்புவது கொடுமையாகிவிடும். பிறகு தவறாமல் வெளியே வர வேண்டும். காலையில் தவிர்த்த வெளிச்சத்தை இப்போது தேடிப் பெற வேண்டும். அதற்கு லும்பினிப் பூங்காவைவிடப் பொருத்தமான இடம் நகர நடுவில் இல்லை. புத்தர் பிறந்த லும்பினியின் பெயரால் ஆறாம் ராமர் காலத்தில் அரச நிலத்தில் அமைந்த அப்பூங்காவின் ஏரிக்கரையில், உடும்பினத்தைச் சேர்ந்த பெரிய நீர்ப்பல்லிகள் மனிதரைப் பொருட்படுத்தாமல் வெயில் காய்கின்றன. நான்கு மணிக்கு மேல் வெயில் தணிய, ஓடுவோரும் கூட்டமாக உடற்பயிற்சி செய்வோரும் வந்து சேர்கிறார்கள். ஆறு மணிக்கு மீண்டும் நாட்டுப்பண் எழும்போது ஓடியவர் அத்தனைபேரும் நிற்கிறார்கள். காலையில் ரயில் நிலையத்தில் வியப்போடு நின்ற தம்பதியர் மாலையில் பழகியவர்களாக நிற்பார்கள். ஊரோடு அவர்களுக்கு ஏற்படும் முதல் இசைவு அதுவே.

பூங்காவின் தென்மேற்கு முனையிலிருந்து நீளும் சீலோம் சாலையில் சிறிது தூரம் சென்றால் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய அக்கோயிலை ஊர்மக்கள் ‘வாட் கேக்’ என்கிறார்கள். கேக் என்றால் விருந்தினர், இந்தியரையும் அச்சொல்லே குறிக்கும். மாலைப் பூசையில் தமிழரைவிடத் தாய்லாந்து மக்களும் சீனரும் மிகுந்திருப்பதும், நவராத்திரியின்போது சாலையே பூவால் நிறைவதும் அக்கோயிலின் சிறப்பு.

தமிழோடு இதைவிட ஆழமான உறவு ஒன்று பழைய நகரத்தில் இருக்கிறது. அங்கே செந்நிறத் தேக்குத் தூண்களாக நிற்கும் பெரிய ஊஞ்சலும், அருகிலுள்ள தேவஸ்தானம் என்னும் பிராமணர் கோயிலும் 1784இல் தோன்றியவை. ஊஞ்சல் ஆட்டம் 1930களில் கைவிடப்பட்டுவிட்டது. ஆனால் அது எந்த விழாவின் பகுதியோ அவ்விழாவின் சடங்குகள் அரசவைப் பிராமணர்களால் மார்கழி, தை மாதங்களை ஒட்டிய நாட்களில் இன்றும் நடத்தப்படுகின்றன. விழாவின் பெயர் ‘திரியம்பவாய், திரிபவாய்’. திருவெம்பாவையும் திருப்பாவையுமே அவ்வாறு திரிந்தன. கயிலையின் கதவைத் திறப்பதாக அமைந்த அச்சடங்கில், கிரந்தம் சார்ந்த எழுத்தில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தமிழ்ப் பாடல்களை அவர்கள் ஓதுகிறார்கள். ஓதுவோர்க்குச் சொற்களின் பொருள் மறைந்துபோயிருந்தாலும் ஒலி மறையவில்லை. தனிநாயகம் அடிகள் முதலிய அறிஞர்கள் இச்செய்தியைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவ்விரு நூல்களின் பொருளை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்: விடியுமுன் எழுந்த பெண்கள், இன்னும் உறங்கும் தோழியரை வாயில்தோறும் சென்று எழுப்புவது அவற்றின் முக்கியப் பகுதி. உறங்குவோரைத் தன் நேரத்துக்கு எழுப்பும் பாட்டைக் கடல்கடந்து வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகக் காத்துவரும் நகரம் இது. ஜனவரியில் வந்திறங்கும் பயணிகளில் மிகச் சிலரே இதை அறிவார்கள். தமிழரிலும் அறிந்தவர் சிலரே என்பது வருந்தத் தக்கது.

இரவு உணவுக்குச் சீனர் பகுதியான யாவரத்துக்குச் செல்வது பலரின் விருப்பம். அதன் விளக்கொளியும் இரைச்சலும் மறுநாளைக்கும் இருக்கும். முதல் இரவுக்கு விடுதிக்கு அருகிலுள்ள தெருவோரக் கடையின் நூடுல்ஸ் சாறு போதுமானது. எட்டு மணிக்குமேல் அறையில் விளக்கைத் தாழ்த்தி, கைபேசியை மூடிவைக்க வேண்டும். இருளில் சுரந்து உறக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் என்னும் இயக்குநீரை மாத்திரையாக உட்கொள்வோர், மருத்துவரைக் கேட்டு, இந்த ஊரின் படுக்கை நேரத்திலேயே கொள்ள வேண்டும். விடியற்காலையில் விழிப்பு வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆறு மணிக்குள் தெருவில் இறங்கினால், வெறுங்காலோடு வரும் பிக்குகளின் கலத்தில் மண்டியிட்டுச் சோறிடும் மக்களைக் காணலாம். வெயில் ஏறுமுன் நிழலுக்குத் திரும்பிவிட்டால் போதும். கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே நகர்கிறது. ஆகவே ஒளியைத் தவிர்க்க வேண்டிய முற்பகல் எல்லையும் நாளுக்கு ஒரு மணி நேரம் முன்னே வரும். வார இறுதிக்குள் காலை வெயிலும் அவர்களுக்கு உரியதாகிவிடும். அரண்மனைக்கு மூன்றாம் நாள் செல்லலாம்.

முதல் நாளின் விளக்கு அணையும்போது பாங்காக்கில் நேரம் நான்கு தும். இலண்டனில் அப்போது பிற்பகல் மூன்று மணி.